ரெண்டு பனையும் நிற்கட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம். மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, அப்புறம் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் மரத்தைப் பற்றி ஆரம்பித்தால் "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்று சொல்லிவிடுகிறாய். காகிதத்தில் எழுதினால் அம்மாவிடம் கொடுக்க முடியாது, நீதான் படித்தாக வேண்டும்.

முதலில் நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய படத்துக்குப் பதில். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் அகலமாகப் படர்ந்து நிற்கிற மரம், கிளையெல்லாம் பெரணி முளைத்துக் கிடக்கிறது, "இது என்ன மரம்பா, நம்ம ஊர்ல பாத்ததே இல்லையே" என்று கேட்டிருந்தாய். பார்த்திருக்கிறாய் பாப்பா. அது தூங்குமூஞ்சி மரம். உன் பள்ளிக்கூடத்து வாசலில் சைக்கிள்களை நிறுத்துவீர்களே, அதே மரம்தான். அங்கே வருஷம் முழுக்க மழை பெய்வதால் கிளை மேலேயே பெரணி பிடித்துக்கொள்கிறது. நம்ம ஊர் வெயிலில் வெறும் பட்டைதான் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஏழு மணி வாக்கில் வேலை முடிந்து வரும்போது அண்ணாந்து பார், இலைகளை எல்லாம் ஜோடி ஜோடியாக மடக்கி வைத்திருக்கும். மழைக்கு மேகம் கட்டினாலும் அப்படித்தான் மடக்கும். கீழே கறுப்பாகக் காய் கிடந்தால் ஒன்றை உடைத்து மோந்து பார். வெல்லப்பாகு வாசனை வரும், கையெல்லாம் பிசுபிசுக்கும். எங்கள் காலத்தில் அந்தக் காயை இடித்து உருட்டித்தான் பந்து விளையாடினோம்.

அந்த மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நிழலுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் அங்கேயும் நட்டார்கள், இங்கேயும் நட்டார்கள். நம்ம ஊர் மரம் என்று நாம் சொல்வதில் பாதி இப்படிக் கப்பல் ஏறி வந்ததுதான். முந்திரி பிரேசிலிலிருந்து வந்தது. கொய்யாவும் அமெரிக்காக்காரன். புளி ஆப்பிரிக்காவின் மரம். யார் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பார்த்தால் நமக்கு ரசம் கிடைக்காது.

அங்கே வந்திருந்தபோது நீ எங்களை எங்கெங்கோ கூட்டிப் போனாய். மெரினா பே வெளிச்சமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு வந்து நான் எல்லாரிடமும் சொன்னது தாவரவியல் பூங்காவின் தெம்புசு மரத்தைத்தான். பூங்காவே 1859இல் வைத்தது, மரம் அதற்கும் முந்தையது. பட்டை ஆழம் ஆழமாக வெடித்து, விரலை விட்டால் உள்ளே போகும் போல இருந்தது. ஒரு கிளை மட்டும் தரைக்கு மேலே தாழ்வாக நீண்டு வந்து, பிறகு நினைத்துக்கொண்ட மாதிரி மேலே ஏறுகிறது. ஏறி உட்காரலாம் என்று பார்த்தால் வேலி போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை பர்ஸிலிருந்து ஐந்து வெள்ளி நோட்டை எடுத்துத் திருப்பி, அதே மரத்தையும் அதே கிளையையும் காட்டினார். ஏதோ ஒரு மரத்தின் படம் இல்லை, இன்ன இடத்தில் நிற்கிற இன்ன மரம். இத்தனூண்டு ஊர், ஒரு சதுர அடிக்கு என்ன விலை என்று எனக்கே தெரியும், அங்கே ஒரு மரத்துக்கு இவ்வளவு மரியாதை. 1963இல் அந்த ஊர்ப் பிரதமர் லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸ் என்கிற ரவுண்டானாவில் ஒரு மரக்கன்றை நட்டு ஆரம்பித்தது இது. தலைவர்கள் எல்லா ஊரிலும் கன்று நடுகிறார்கள். அங்கே நட்டுவிட்டுத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்கள்.

அதே பூங்காவில் ரப்பர் மரத்துக்கு முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன், நீங்கள் எல்லாரும் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டீர்கள். பிரேசிலில் எடுத்த விதையை லண்டன் க்யூ தோட்டத்தில் முளைக்கவைத்து, 1877இல் 22 கன்றுகளை சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பரவியது அதற்கு அப்புறம். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டப் போனது யார்? நம்ம ஜனங்கள். என் தாத்தாவின் தம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். பேராக் பக்கம் ஏதோ எஸ்டேட் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, அப்புறம் வரவில்லை. ரப்பர் மரத்தை எனக்குப் பழக்கம்தான். நான் குலசேகரம் பக்கம் வேலை பார்த்தபோது, விடிவதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் போவார்கள். மரத்தைச் சுற்றிச் சரிவாக, காகிதக் கனத்துக்குப் பட்டையைச் சீவுவார்கள். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும். பால் அந்தக் கோட்டிலேயே வழிந்து சிரட்டையில் சொட்டும். வெயில் ஏறினால் நின்றுவிடும். சிங்கப்பூரில் அந்தப் பட்டையைத் தொட்டபோது எனக்கு அந்தச் சின்னத் தாத்தாவின் கைதான் ஞாபகம் வந்தது. நான் பார்த்தே இராத கை.

உன் மகளுக்கு அன்றைக்கு இதெல்லாம் ஒன்றும் பிடிக்கவில்லை. "தாத்தா, போலாம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் கடற்கரைப் பூங்காவுக்குப் போனோமே, அங்கேதான் அவள் வழிக்கு வந்தாள். தண்ணீர் ஓரத்தில் பூவரசு நின்றது. மஞ்சள் பூ, சாயங்காலத்துக்குள் சிவந்து வாடுகிற அதே பூ. ஒரு இலையைப் பறித்து, காம்பைக் கிள்ளிவிட்டு, சுருட்டி, ஒரு முனையைப் பல்லால் லேசாக நசுக்கி ஊதினேன். பீ என்று சத்தம் வந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்கப்புறம் எத்தனை இலை சுருட்டினேன் என்று நீயே பார்த்தாய். பறிக்கலாமா கூடாதா என்று நீ சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன்.

"எங்க போனாலும் ஏன்பா மரத்தையே பாக்குறீங்க?" என்று அன்றைக்குக் கேட்டாய். சும்மா சிரித்துவைத்தேன். சாலை வேலை பார்த்தவனுக்கு வேறு என்ன பார்க்கத் தெரியும்? ரோடு என்றால் மற்றவர்களுக்குத் தார். எனக்கு ரெண்டு பக்கத்துப் புளியமரம். ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டிருப்போம், பதிவேட்டில் சுற்றளவு முதற்கொண்டு இருக்கும். வருஷா வருஷம் காயை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் குடும்பத்தோடு வந்து மரத்தடியில் சாக்குப் படுதா கட்டித் தங்குவார். மாசி, பங்குனியில் அந்தப் பக்கம் போனால் ஒரே உலுப்பல் சத்தம். ஆண்கள் கிளையில் நின்று மிதித்து உலுப்புவார்கள், எட்டாத கொப்புக்குத் துறட்டி. கீழே பெண்கள் ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். எந்த நம்பர் மரத்துக் காய் இனிப்பு, எது பல் கூசுகிற புளிப்பு என்று எனக்கு அத்துப்படி. உன் அம்மா குழம்புக்குப் புளி வாங்கும்போது மரத்தின் நம்பரைக் கேட்பாள் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். பொய் இல்லை.

புளியமரத்தில் பேய் இருக்கிறது, அடியில் தூங்கக் கூடாது என்பார்கள். சித்திரை வெயிலில் ரோடு போடுகிற ஆட்கள் ஒருத்தர் விடாமல் அங்கேதான் தூங்குவார்கள். பேய் எங்கள் யாரையும் எழுப்பியதில்லை. புளியம்பூவை நீ பக்கத்தில் பார்த்திருக்க மாட்டாய். நகத்தளவுதான் இருக்கும். வெளிர் மஞ்சள் இதழில் சிவப்பு நூல் ஓட்டின மாதிரி நரம்பு. இவ்வளவு பெரிய மரத்துக்கு அவ்வளவு சின்னப் பூ. மழை பெய்து முடிந்த காலையில் ரோடெல்லாம் உதிர்ந்து கிடக்கும்போது ரோலரை அதன் மேல் ஓட்ட எனக்கு மனசு வராது.

சாலையோரம் மரம் வைப்பது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரம் கட்டியதை இன்றைக்கும் ஊர் ஊராகச் சொல்கிறார்கள். பல ஊர்களில் பழைய சாலைக்கு மங்கம்மாள் சாலை என்றே பெயர். படை எடுத்தவர்கள் பெயர் மறந்துவிட்டது, நிழல் கொடுத்தவள் பெயர் நிற்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு நாம் போய்வருகிற சாலைகள் அகலமாயின. அகலம் வேண்டியதுதான். அந்த வளைவுகளில் எத்தனை விபத்து நடந்தது என்று பார்த்தவன் நான், மரத்துக்காக ரோடே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்பர் தெரிந்த மரங்களை இயந்திர ரம்பம் வைத்து அறுத்ததைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன் பாப்பா. அறுத்த இடத்தில் நடுவே வைரம் பாய்ந்து கருத்து இருந்தது. ஒன்றுக்குப் பத்து மரம் நடவேண்டும் என்கிறார்கள். ரோட்டு நடுவில் அரளி வைத்திருக்கிறார்கள். அரளி பார்க்க அழகுதான். அதன் நிழலில் ஒரு கோழிக்குஞ்சு நிற்கலாம்.

பயணம் போன இடத்திலெல்லாம் மரம் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தால் தாள் போதாது. ரெண்டு மட்டும் சொல்கிறேன். பரம்பிக்குளத்தில் கன்னிமரா தேக்கு. காடு கேரளத்துடையது, போகிற வழி நம்ம பொள்ளாச்சி, டாப்சிலிப் வழியாகத்தான். சுற்றளவு 7 மீட்டர் அளவு, உயரம் 40 மீட்டர் வாக்கில். வெட்டப் போனபோது ரத்தம் வந்தது, அதனால் விட்டுவிட்டார்கள் என்று அங்கே உள்ள காட்டு ஜனங்கள் சொல்கிறார்கள். சுற்றி எங்கும் தேக்கு வெட்டிச் சரிவில் உருட்டிவிட்ட காடு அது, இது ஒன்று தப்பியது. எப்படித் தப்பியது என்பதற்கு ரத்தத்தைத் தவிர வேறு காரணம் யாரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்கும் அந்தக் காரணம் போதும். திரும்பும்போது டாப்சிலிப்பில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் சமாதியைப் பார்த்தோம். 1933இல் இறந்தவர். வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்த காட்டைத் திரும்பத் துளிர்க்கவிட்டவர். சட்டைப்பையில் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டு, கைத்தடியால் குழி குத்தி விதைத்துக்கொண்டே நடப்பாராம். தடியை அடிக்கடி கீழே ஊன்றி நடக்கிற வயது எனக்கும் வந்துவிட்டது, பையில்தான் விதைக்குப் பதில் மாத்திரை.

இன்னொன்று கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஷிப்பூர் தோட்டத்து ஆலமரம். காசிக்குப் போய்விட்டு அப்படியே போனோம். 1925இல் நடு மரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அதை அறுத்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஆயிரக்கணக்கில் விழுதுகள் மட்டும் நிற்கின்றன, மரம் இன்னும் வெளியே வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. உன் அம்மா சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இதுல எது மரம்?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. வெயிலில் சுற்றினதற்கு ராத்திரி முழுக்க என்னைத் திட்டினாள், அது தனி.

சரி, இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது எதற்கு என்று உனக்குப் புரிந்திருக்கும். உங்கள் மனை விஷயம். ஐந்து சென்ட்டையும் ஜேசிபி விட்டு நிரவிவிடச் சொல்லி மாப்பிள்ளை பணம் அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தேன். உடை முள்ளும் எருக்கும் மண்டிக் கிடந்தது, அதை எடுத்துவிட்டேன். மேற்கு ஓரத்தில் ரெண்டு பனை நிற்கிறது. அதில் கை வைக்கவில்லை. வைக்கவும் போவதில்லை.

மாப்பிள்ளைக்குச் சட்டம் சொன்னால் பிடிக்கும் என்பதால் முதலில் சட்டத்தையே சொல்கிறேன். பனை நம்ம மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே, பனையை வெட்டுவதாக இருந்தால் கலெக்டர் அனுமதி வாங்க வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். அது கிடக்கட்டும், அவர் இருக்கிற ஊரில் என்ன விதி? ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவு உள்ள மரம் காலி மனையில் நின்றால் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. நான் நூல் பிடித்து அளந்துவிட்டேன், ரெண்டுமே ஒரு மீட்டரைத் தாண்டுகிறது. அங்கே செய்ய முடியாததை இங்கே ஏன் செய்யச் சொல்கிறார் என்று மெதுவாகக் கேள். நான் கேட்டதாகச் சொல்லாதே.

வீட்டுக்குள் பனை ஆகாது என்று உன் அம்மாவே ஆரம்பித்தாள். கருப்பட்டிக் காபி மட்டும் ஆகுமா என்று கேட்டேன், அடுப்படிக்குப் போய்விட்டாள். வேர் அஸ்திவாரத்தைப் பிளக்கும் என்று கொத்தனார் சொன்னார். பனைக்குச் சல்லிவேர்தான். ஆல், அரசு மாதிரி தடித்துக்கொண்டு வந்து சுவரைத் தள்ளுகிற வேர் கிடையாது. பிளானில் கார் நிறுத்துகிற இடத்தைக் கிழக்கே ரோட்டுப் பக்கம் மாற்றச் சொல்லிவிட்டேன். பனம்பழம் காரின் மேல் விழுந்தால் கண்ணாடி தாங்காது, அந்தப் பயம் நியாயம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை ஆளை ஏற்றிக் காவோலையைக் கழித்துவிட்டால் போதும்.

புயலுக்குச் சாயும் என்று நீ போனில் சொன்னாய். 2018 கஜா புயலில் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு தோப்பாகச் சாய்ந்ததை டிவியில் பார்த்தாய் அல்லவா? அதே பக்கத்தில் பனை நின்றது. 2016இல் வர்தா வந்தபோது சென்னையில் விழுந்த மரங்களில் குல்மோஹர் என்கிற செம்மயில்கொன்றை ஏராளம். அழகாக இருக்கிறது என்று அதை வாசலில் வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார், அதுதான் சொல்கிறேன், அது வேண்டாம். ரோட்டுப் பக்கம் மின்கம்பி போகிறது, அங்கே உயரமாக எதுவும் வைக்க முடியாது. நெல்லியும் கொய்யாவும் போதும். வடக்கு மூலையில் ஒரு புன்னை வைக்க எனக்கு ஆசை. வளர நாளாகும், ஆனால் இலை பளபளவென்று வருஷம் முழுக்கப் பச்சை. அடுப்படிக்குப் பின்னால் முருங்கைக்கு உன் அம்மா இடம் பிடித்துவிட்டாள். எல்லாம் ஐப்பசியில் மழை பிடித்த பிறகு.

அந்தப் பனையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். ஒன்று ஆண், ஒன்று பெண். பனை காய்க்கிற பருவத்துக்கு வரவே பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். இது ரெண்டும் இருக்கிற உயரத்துக்கு என் வயதுக்குக் குறையாது. அண்ணாந்து பார்த்தால் ஓலையின் அடியில் சின்னச் சின்னதாக உழவாரன் குருவிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, காற்றில் ஓலை அடிக்கிற சத்தத்துக்குப் பழகிவிட்டன போல. அக்கம் பக்கத்தில் கேட்டேன், ஒரு பனையேறி இன்னும் இருக்கிறார், பக்கத்து ஊரில். அவர் வந்து மரத்தைத் தட்டிப் பார்த்து, பாளையை அண்ணாந்து பார்த்து, "ரெண்டும் நல்லா சுரக்கும், இத்தன வருஷம் யாரும் ஏறாமக் கெடந்திருக்கு" என்றார். ஆண்பனையிலும் பதனி இறக்கலாம் என்பது மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்காது, சொல்லிவை.

இது ஆவணி. பழம் விழுகிற காலம். கீழே விழுந்து கிடந்ததை எல்லாம் பொறுக்கினேன், வாசனை ஸ்கூட்டரைவிட்டு ரெண்டு நாள் போகவில்லை. மனையின் தெற்குப் பக்கம் பாத்தி கட்டி, மண்ணைப் பொலபொலவென்று கொத்தி, கொட்டைகளைப் புதைத்திருக்கிறேன். பொங்கலுக்குக் கிழங்கு ஆகிவிடும். பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லு, அதற்குத் தகுந்த மாதிரி தோண்டலாம். ஒரு வரிசையை மட்டும் தோண்டாமல் விடப்போகிறேன், வடலியாக வரட்டும், எல்லை ஓரமாகத்தான் இருக்கிறது. பதனி வேண்டும் என்றால் பொங்கலுக்கு வந்தால் கிடைக்காது, சித்திரையில் வரவேண்டும். பேத்தியின் பள்ளிக்கூட லீவு எப்போது என்று பார்த்துக்கொள்.

ஜேசிபிக்கு அனுப்பிய பணத்தில் மிச்சம் இருக்கிறது. கம்பிவேலிக்கும் போர் போடுவதற்கும் வைத்துக்கொள்ளட்டுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். அதற்குள் கொத்தனாரிடம் பேசி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கருப்பட்டி ரெண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறோம், அங்கே வருகிற ஆள் யாராவது இருந்தால் சொல். போன தடவை போல ஓலைப்பெட்டியில் கட்டாமல் டப்பாவில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள், எறும்பு ஏறிவிடுகிறதாம். ஓலைப்பெட்டி காலியாக இருக்கிறது, அதைப் பேத்திக்குத் தனியாக வைத்திருக்கிறேன்.